40 சதவீதத்துக்குத் தோல்வி, 34 சதவீதத்துக்கு ஆட்சி: பிரிட்டன் இடதுசாரிகளின் தலைமைச் சண்டை

2017 பொதுத்தேர்தலில் ஜெரமி கோர்பின் தலைமையில் பிரிட்டனின் லேபர் கட்சிக்கு விழுந்த ஓட்டு ஏறக்குறைய 1 கோடியே 29 லட்சம். ஆட்சி கிடைக்கவில்லை. 2024இல் கியர் ஸ்டார்மர் தலைமையில் அதே கட்சிக்கு விழுந்தது 97 லட்சம். 650 இடங்களில் 411ஐ அள்ளிக்கொண்டு ஆட்சியைப் பிடித்தது. ஓட்டு முப்பது லட்சத்துக்கு மேல் குறைந்தது, இடம் 149 கூடியது.

பிரிட்டன் இடதுசாரிகளின் சண்டை எங்கே தொடங்கினாலும் கடைசியில் இந்த இரண்டு எண்களில்தான் வந்து நிற்கும். "மக்களைத் திரட்டியது கோர்பின்தான்" என்பார் ஒருவர். "திரட்டி என்ன பயன், ஜெயித்தது யார்?" என்பார் இன்னொருவர். இருவர் சொல்வதும் உண்மை. ஆனால் இந்த எண்களிலிருந்து இருவரும் எடுத்துக்கொள்ளும் பாடம் தவறு. ஏன் என்று பார்க்க, கட்சி எப்படி உருவானது, தலைவரை யார் தேர்ந்தெடுக்கிறார்கள், ஓட்டு எப்படி இடமாக மாறுகிறது என்ற மூன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்தப் பேச்சு திரும்பவும் எழக் காரணம் இருக்கிறது. 2025 நவம்பரில், ஸ்டார்மரை இறக்கச் சொந்தக் கட்சியிலேயே ஆள் தயாராகிறது என்ற செய்தியை பிரதமருக்கு நெருக்கமானவர்களே கசியவிட்டார்கள். சுகாதார அமைச்சர் வெஸ் ஸ்ட்ரீட்டிங் மறுநாள் காலை டிவி டிவியாகப் போய், அப்படி எதுவும் இல்லை என்று சொல்ல வேண்டி வந்தது. அப்போது மான்செஸ்டர் பெருநகர மேயராக இருந்த ஆண்டி பர்னம் பெயரும் மாதக்கணக்கில் அடிபட்டது. கட்சிக்கு வெளியே கோர்பின் புதுக் கட்சி தொடங்கியிருந்தார். கிரீன் கட்சியில் உறுப்பினர்கள் குவிந்தார்கள். யார் எந்தப் பக்கம் என்பதே குழப்பமாக இருந்தது.

யார் யார்

1. லேபர் கட்சி. தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் தொழிலாளர் கட்சி, இலங்கைப் பத்திரிகைகளில் தொழிற்கட்சி. 2024 ஜூலையிலிருந்து ஆளும் கட்சி. இதற்குள்ளேயே வலது, மித இடது, கடும் இடது என்று மூன்று பிரிவு உண்டு. ஸ்ட்ரீட்டிங் வலது, பர்னம் மித இடது என்று பொதுவாகச் சொல்வார்கள். கோர்பின் இருந்தது கடும் இடது.

2. கிரீன் கட்சி. சுற்றுச்சூழல் கட்சியாகத் தொடங்கியது. 2025 செப்டம்பரில் சாக் போலன்ஸ்கி தலைவரானதும் சொத்து வரி, வாடகை, விலைவாசி என்று பேச்சின் திசை மாறியது. அதே ஆண்டிலேயே உறுப்பினர் எண்ணிக்கை ஒன்றரை லட்சத்தைத் தாண்டியது.

3. யுவர் பார்ட்டி. கோர்பினும், லேபரை விட்டு வெளியேறிய எம்.பி. ஸாரா சுல்தானாவும் 2025 ஜூலையில் அறிவித்த கட்சி. தற்காலிகமாக வைத்த பெயரே கடைசியில் நிலைத்துவிட்டது.

4. ஸ்காட்லாந்தின் எஸ்.என்.பி.யும் (ஸ்காட்லாந்து தேசியக் கட்சி) வேல்ஸின் பிளைட் கம்ரியும். தங்கள் பகுதிக்குத் தனி நாடு கேட்கும் கட்சிகள்தான், ஆனால் பொருளாதாரக் கொள்கையில் இடது சாய்வு உள்ளவை.

5. ரிஃபார்ம் யுகே. நைஜல் ஃபராஜின் வலதுசாரிக் கட்சி. இடதுசாரிக் கதையில் இதற்கு என்ன வேலை என்று தோன்றலாம். கட்டுரையின் பின்பாதி முழுக்க இதன் நிழல்தான்.

சோஷலிசம் என்ற சொல் எங்கே இருந்தது?

1900 பிப்ரவரியில் லண்டன் ஃபாரிங்டன் தெருவில் உள்ள மெமோரியல் ஹாலில் தொழிற்சங்கங்களும் சில சோஷலிசக் குழுக்களும் கூடி ஒரு கமிட்டி அமைத்தன. தொழிலாளர் சார்பில் நாடாளுமன்றத்துக்கு ஆள் அனுப்புவது அதன் வேலை. 1906இல் அது லேபர் கட்சி என்று பெயர் வைத்துக்கொண்டது. ஐரோப்பாவின் மற்ற பல சோஷலிஸ்ட் கட்சிகளில் கொள்கை முதலில் வந்தது, தொழிற்சங்கம் பிறகு சேர்ந்தது. இங்கே தலைகீழ். சங்கங்கள்தான் கட்சியைப் பெற்றெடுத்தன. அதனால் கட்சி யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி பிறப்பிலேயே ஒட்டிக்கொண்டு வந்தது: சங்கங்களுக்கா, சந்தா கட்டும் உறுப்பினர்களுக்கா, மக்கள் ஓட்டுப் போட்டு அனுப்பிய எம்.பி.க்களுக்கா?

1918இல் கட்சி விதிகளில் நான்காம் பிரிவு சேர்ந்தது. புரட்சி இல்லாமல் படிப்படியாகச் சோஷலிசம் என்று சொன்ன ஃபேபியன் சங்கத்தைச் சேர்ந்த சிட்னி வெப் எழுதியது. உற்பத்திச் சாதனங்கள் பொது உடைமையாக வேண்டும் என்பது அதன் சாரம்; விநியோகமும் பரிமாற்றமும் 1929இல் சேர்ந்தன. உறுப்பினர் அட்டையிலேயே அச்சிட்டுக் கொடுத்தார்கள். 1995இல் அப்போதைய கட்சித் தலைவர் டோனி பிளேர் சிறப்பு மாநாடு கூட்டி அதை எடுத்துவிட்டு வேறு வாசகம் வைத்தார். கட்சியின் சோஷலிசத்துக்கு அன்றே பால் ஊற்றிவிட்டார்கள் என்று இடதுசாரிகள் இன்றும் சொல்வார்கள். வேடிக்கை என்னவென்றால், பழைய பிரிவில் சோஷலிசம் என்ற சொல்லே கிடையாது. "லேபர் கட்சி ஒரு ஜனநாயக சோஷலிஸ்ட் கட்சி" என்ற வாசகம் பிளேர் கொண்டுவந்த பிரிவில்தான் இருக்கிறது. பொருள் இருந்த காலத்தில் சொல் இல்லை. சொல் வந்தபோது பொருள் போய்விட்டது.

சோஷலிச மதிப்பீடு என்று இவர்கள் எதைச் சொல்கிறார்கள்? பல்லையும் கண்ணையும் வைத்துச் சொல்லலாம். 1948 ஜூலை 5 அன்று தேசிய சுகாதாரச் சேவை தொடங்கியது. எல்லோருக்கும் எல்லாச் சிகிச்சையும் இலவசம். அதைக் கட்டியெழுப்பியவர் அப்போதைய சுகாதார அமைச்சர் அனைரின் பெவன். 1951இல் கொரியப் போர் காரணமாக ராணுவச் செலவு எகிறியது. நிதியமைச்சர் ஹ்யூ கெய்ட்ஸ்கெல், பல்செட்டுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் ஒரு பகுதிக் கட்டணம் வாங்கலாம் என்றார். பெவன் ராஜினாமா செய்தார். பின்னாளில் பிரதமரான ஹெரால்ட் வில்சனும் கூடவே வெளியேறினார். தொகை பெரிதில்லை. எல்லோருக்கும் இலவசம் என்ற கொள்கையில் ஒரு ஓட்டை போட்டுவிட்டால் அது அங்கேயே நிற்காது என்பது பெவன் வாதம். பட்ஜெட் கையில் இருப்பவன் கொள்கையை மட்டும் வைத்துக் கணக்கு முடிக்க முடியாது என்பது கெய்ட்ஸ்கெல் வாதம். அடுத்த எழுபது வருடச் சண்டையில் ஆட்கள் மாறினார்கள். வாதம் பெரிதாக மாறவில்லை.

ஸ்டார்மர் அரசையும் இதே அளவுகோலால் பார்க்கலாம். ரயில் நிறுவனங்கள் ஒவ்வொன்றாகப் பொதுத்துறைக்குத் திரும்புகின்றன. சட்டம் 2024இல் வந்தது, 2025 மே மாதம் சவுத் வெஸ்டர்ன் ரயில்வே முதலில் வந்தது. தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு வாட் வரி போட்டார்கள். தொழிலாளர் உரிமைச் சட்டம் 2025 டிசம்பரில் நிறைவேறியது, இடையில் கொஞ்சம் நீர்த்துப்போனாலும். இதெல்லாம் ஒரு பக்கம்.

மறுபக்கம், ஆட்சிக்கு வந்த முதல் மாதத்திலேயே பெரும்பாலான முதியவர்களுக்குக் குளிர்கால எரிபொருள் உதவித்தொகை நிறுத்தப்பட்டது. மூன்றாவது குழந்தையிலிருந்து உதவித்தொகை கிடையாது என்ற, முன்பு ஆண்ட வலதுசாரி கன்சர்வேடிவ் கட்சியின் விதியை நீக்கச் சொல்லி ஓட்டுப் போட்ட ஏழு லேபர் எம்.பி.க்கள் கட்சிக் குழுவிலிருந்து இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். கோர்பினின் தோழர் ஜான் மெக்டானல் அதில் ஒருவர், சுல்தானா இன்னொருவர். அப்புறம் என்ன ஆனது? எரிபொருள் உதவி 2025 ஜூனில் பெரும்பாலோருக்குத் திரும்பியது. குழந்தை வரம்பை 2026 ஏப்ரலிலிருந்து நீக்குவதாக 2025 நவம்பர் பட்ஜெட் அறிவித்தது. எதற்காக எம்.பி.க்களைத் தண்டித்தார்களோ அதையே பதினாறு மாதம் கழித்து அரசு செய்தது. பின்வாங்கியதால் இடது பக்கம் நல்ல பெயர் வரவில்லை, முதலில் செய்ததால் வந்த கெட்ட பெயர் மட்டும் தங்கிவிட்டது. மதிப்பீடு என்பதை ஒருபுறம் வைத்துவிட்டு வெறும் அரசியல் சாமர்த்தியம் என்று பார்த்தாலும் இது மோசமான கணக்கு.

தலைவரை யார் தேர்ந்தெடுப்பது?

வெளியிலிருந்து பார்ப்பவர்கள் தாண்டிப்போகும் இடம் இதுதான். கோர்பின் எப்படி வந்தார், ஸ்டார்மரை ஏன் எளிதில் இறக்க முடியவில்லை என்ற இரண்டுக்கும் விடை விதிப் புத்தகத்தில் இருக்கிறது.

1. 1980 வரை எம்.பி.க்கள் மட்டும். கட்சிக்காரர்களுக்கு இதில் ஓட்டு இல்லை. இந்த முறையில் கடைசியாகத் தேர்வானவர் மைக்கேல் ஃபுட்.

2. 1981 முதல் மூன்று பங்கு. வெம்பிளி சிறப்பு மாநாட்டில் தொழிற்சங்கங்களுக்கு 40, எம்.பி.க்களுக்கு 30, தொகுதிக் கட்சிகளுக்கு 30 சதவீதம் என்று பிரித்தார்கள். இதை ஏற்காத நான்கு முன்னாள் அமைச்சர்கள் வெளியேறி எஸ்.டி.பி. (சமூக ஜனநாயகக் கட்சி) என்று தனிக் கட்சி தொடங்கினார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் துணைத் தலைவர் தேர்தல். இடது பக்கம் டோனி பென், வலது பக்கம் டெனிஸ் ஹீலி. ஹீலி 50.4, பென் 49.6. ஒரு சதவீதம்கூட இல்லாத வித்தியாசம். இடது பக்கத்திலேயே பென்னைப் பிடிக்காத நீல் கின்னக் போன்ற சில எம்.பி.க்கள் இரண்டாம் சுற்றில் யாருக்கும் போடாமல் விட்டதுதான் ஹீலியைக் காப்பாற்றியது. கின்னக்கை அந்த அணி வெகுநாள் மன்னிக்கவில்லை.

3. 1993இல் மூன்று பங்கும் சமமாக்கப்பட்டது. இந்த முறையில் 2010இல் ஒரு வினோதம் நடந்தது. எம்.பி.க்களிடமும் உறுப்பினர்களிடமும் டேவிட் மிலிபாண்ட் முந்தினார். தொழிற்சங்கப் பிரிவில் தம்பி எட் முந்தி, மொத்தத்தில் மயிரிழையில் ஜெயித்தார். சங்கங்கள் தலைவரைத் திணித்துவிட்டன என்று கட்சியின் வலது அணி கொதித்தது.

4. 2014இல் ஒருவருக்கு ஒரு ஓட்டு. எம்.பி.யின் ஓட்டும் சாதாரண உறுப்பினரின் ஓட்டும் ஒன்றே. கூடவே, மூன்று பவுண்டு கட்டினால் கட்சிக்கு வெளியே உள்ள ஆதரவாளரும் போடலாம். சங்கத்தின் பிடியைத் தளர்த்தி, பொதுமக்களை உள்ளே விட்டால் மிதமான தலைவர்தான் வருவார் என்று வலது அணி இதை வரவேற்றது. எம்.பி.க்களுக்கு மிச்சம் இருந்த ஒரே அதிகாரம் முன்மொழிவு: 15 சதவீத எம்.பி.க்கள் கையெழுத்துப் போட்டால்தான் வேட்பாளர்.

2015 ஜூன் 15. முன்மொழிவுக்குக் கடைசி நேரம் பகல் 12 மணி. கோர்பினுக்குத் தேவை 35 பேர். கடைசி நிமிடங்களில் எண்ணிக்கை 36 ஆனது. அந்த 36இல் பலர் அவருக்கு ஓட்டுப் போடும் எண்ணமே இல்லாதவர்கள். போட்டியில் ஒரு இடதுசாரி இருந்தால் விவாதம் கொஞ்சம் சூடாக இருக்கும் என்று தயவு காட்டியவர்கள். அப்படிப்பட்டவர்களை முட்டாள்கள் என்று பிளேரின் பழைய ஆலோசகர் ஒருவர் திட்டினார். அதைப் பற்றிக் கேட்டபோது மூத்த தலைவர் மார்கரெட் பெக்கெட், நானும் அவர்களில் ஒருத்திதான் என்று பிபிசி வானொலியில் ஒப்புக்கொண்டார். செப்டம்பரில் கோர்பின் 59.5 சதவீதத்தோடு தலைவரானார். அடுத்த ஆண்டு சொந்த எம்.பி.க்களே 172-க்கு 40 என்று நம்பிக்கையில்லை என ஓட்டுப் போட்டார்கள். அவர் விலகவில்லை. மறுபடி தேர்தல், மறுபடி உறுப்பினர்கள் 61.8 சதவீதத்தோடு அவரையே கொண்டுவந்தார்கள்.

5. 2021இல் கதவு சாத்தப்பட்டது. ஸ்டார்மர் தலைமையில் மாநாடு விதியை மாற்றியது: முன்மொழிவுக்கு 20 சதவீத எம்.பி.க்கள் வேண்டும். வெளி ஆதரவாளர் ஓட்டு ரத்து. அந்தப் பகல் 12 மணி இனி ஒருமுறை வராது.

இதில் ஒரு சீர்மை தெரிகிறது. 1981இல் உறுப்பினர் பக்கம் சாய்த்தார்கள், வலது அணியில் ஒரு பகுதி வெளியேறியது. 2021இல் எம்.பி.க்கள் பக்கம் சாய்த்தார்கள், இடது அணியில் ஒரு பகுதி வெளியேறியது.

ஸ்டார்மரே உறுப்பினர்களிடம் பத்து வாக்குறுதி கொடுத்து வந்தவர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2020இல் அவர் 56.2 சதவீதம் வாங்கியபோது ரயில், தபால், எரிசக்தி, தண்ணீர் ஆகியவற்றுக்குப் பொது உடைமை, பல்கலைக்கழகக் கட்டணம் ரத்து, அதிக வருமானம் உள்ள 5 சதவீதத்தினருக்குக் கூடுதல் வரி எல்லாம் அதில் இருந்தன. முழுசாக மிஞ்சியது ரயில். ஒரு தேர்தலில் உறுப்பினர்களிடம் ஒன்றையும் அடுத்த தேர்தலில் நாட்டிடம் வேறொன்றையும் சொல்ல வேண்டிய கட்டாயத்தை இந்த இரட்டை வாக்காளர் முறையே உண்டாக்குகிறது. சொன்னதை விட்ட பழி அவருடையது. அப்படிச் சொல்ல வைக்கும் அமைப்பு அவருக்கு முன்பே இருந்தது.

சரி, 2025 டிசம்பரில் ஸ்டார்மரை எதிர்க்க என்ன வேண்டியிருந்தது? அன்றைய எண்ணிக்கைக்கு 81 லேபர் எம்.பி.க்களின் கையெழுத்து, ஒரே பெயருக்கு. ஐந்து பேருக்காகச் சிதறிய 81 போதாது. எதிர்ப்பவர் எம்.பி.யாக இருக்க வேண்டும். பர்னம் அப்போது எம்.பி. இல்லை. பதவியில் இருக்கும் தலைவரின் பெயர் முன்மொழிவு இல்லாமலே வாக்குச்சீட்டில் இடம்பெறும். அதற்குப் பிறகுதான் உறுப்பினர், சங்க ஆதரவாளர் ஓட்டு. லேபர் பிரதமர் ஒருவரை இந்த வழியில் போட்டியிட்டு 2025 வரை யாரும் வீழ்த்தியதில்லை. பிளேர்கூட 2006இல் நெருக்கப்பட்டு, ஒரு வருடத்துக்குள் விலகுகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

உறுப்பினர்களின் மனநிலைக்கு ஒரு சின்ன அடையாளம்: கட்சியின் துணைத் தலைவர் ஏஞ்சலா ரெய்னர் வரிப் பிரச்சினையில் விலகியதால் 2025 அக்டோபரில் துணைத் தலைவர் தேர்தல் வந்தது. ஸ்டார்மர் அமைச்சரவையிலிருந்து நீக்கிய லூசி பவல் ஜெயித்தார். ஓட்டுப் போட வந்தவர்கள் 16.6 சதவீதம். கோபம் வந்தவர்கள் சிலர் பவலுக்குப் போட்டார்கள். மீதிப் பேருக்குக் கோபம்கூட வரவில்லை போல.

ஓட்டும் இடமும்

தமிழ்நாட்டு வாசகருக்கு இது எளிது. தொகுதியில் யார் முதலில் வருகிறாரோ அவர் எம்.பி.; மற்றவர்களுக்குப் போட்ட ஓட்டு அதோடு போச்சு. இந்தியா இந்த முறையை எடுத்துக்கொண்டதே பிரிட்டனிடமிருந்துதான். விகிதாசாரத்துக்குப் பழகிய இலங்கை வாசகருக்கு இது அநியாயமாகத் தெரியலாம். அநியாயம்தான்.

இந்த முறையில் எத்தனை ஓட்டு என்பதைவிட எங்கே விழுந்தது, எதிரணி சேர்ந்திருந்ததா பிரிந்திருந்ததா என்பது முக்கியம். லேபர் வரலாற்றிலேயே அதிக ஓட்டு விகிதம் 1951இல்: 48.8 சதவீதம். கன்சர்வேடிவ்களைவிட அதிக ஓட்டு வாங்கியும் அந்தத் தேர்தலில் லேபர் ஆட்சியை இழந்தது.

இனி முதலில் சொன்ன இரண்டு எண்களுக்கு வரலாம்.

2017இல் லேபர் 40 சதவீதம், கன்சர்வேடிவ் 42.4. வலதுசாரி ஓட்டு அநேகமாக ஒரே கட்சியில் குவிந்துவிட்டது; 2015இல் 12.6 சதவீதம் வாங்கிய யுகிப் (ஃபராஜ் முன்பு நடத்திய, ஐரோப்பிய ஒன்றியத்தை எதிர்த்த கட்சி) 1.8-க்குச் சரிந்திருந்தது. லேபரின் ஓட்டோ நகரங்களில் மலையாகக் குவிந்தது. லிவர்பூல் வால்டனில் 85.7 சதவீதம். அங்கே பாதி ஓட்டு போதும் ஜெயிக்க. மீதியால் ஒரு இடம்கூடக் கூடவில்லை. அதேசமயம் பணக்காரர்களின் கென்சிங்டனை 20 ஓட்டில் பிடித்ததும் அந்தத் தேர்தல்தான்.

2024இல் லேபர் 33.7. தனிப் பெரும்பான்மை பெற்ற எந்தக் கட்சியும் இவ்வளவு குறைந்த விகிதத்தில் ஜெயித்ததில்லை. கன்சர்வேடிவ் 23.7-க்கு விழுந்தது, ரிஃபார்ம் 14.3 எடுத்தது. வலது இரண்டாகப் பிளந்த இடைவெளியில் லேபர் ஏறிப் போனது. சராசரியாக ஒரு லேபர் எம்.பி.க்கு ஏறக்குறைய 23,600 ஓட்டு. ஒரு கிரீன் எம்.பி.க்கு நாலேமுக்கால் லட்சத்துக்கு மேல். ஒரு ரிஃபார்ம் எம்.பி.க்கு எட்டு லட்சத்துக்கு மேல்.

ஆக, 2017ஐ வைத்து "இடதுசாரிக் கொள்கை ஜெயிக்கும்" என்று சொல்வது அரைக் கணக்கு. அடுத்த 2019இலேயே கோர்பின் 32.1 சதவீதத்துக்கும் 202 இடங்களுக்கும் இறங்கினார். பிரெக்சிட்டில், அதாவது ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகும் விஷயத்தில், இரண்டு படகில் கால் வைத்ததும், தலைவர் மேல் இருந்த அவநம்பிக்கையும் சேர்ந்து செய்த வேலை. அந்த இரவில் பிளேரின் பழைய தொகுதியான செட்ஜ்ஃபீல்டும், 1970 முதல் எம்.பி.யாக இருந்த சுரங்கத் தொழிலாளி டெனிஸ் ஸ்கின்னரின் போல்சோவரும் ஒன்றாகவே போயின. இரண்டு அணிகளின் கோயிலும் ஒரே வெள்ளத்தில் மூழ்கியது. கோர்பின் காலத்தில் கட்சிக்குள் யூத வெறுப்புப் புகார்களைக் கையாண்ட விதத்தில் சட்டமீறல் இருந்தது என்று சமத்துவ, மனித உரிமை ஆணையம் 2020இல் அறிக்கை கொடுத்தது. புகார்களின் அளவு அரசியலுக்காக மிகைப்படுத்தப்பட்டது என்று அன்றே கோர்பின் சொன்னதால் இடைநீக்கம், அதிலிருந்து மெல்ல மெல்லக் கட்சிக்கு வெளியே.

2024ஐ வைத்து "நடுவுக்கு நகர்ந்தால் ஜெயிக்கலாம்" என்று சொல்வதும் அதே போல அரைக் கணக்கு. 2019ஐவிட விகிதம் கூடியது ஒன்றரைப் புள்ளி மட்டும். எண்ணிக்கையில் 2019இல் தோற்ற கோர்பினுக்கே ஐந்து லட்சத்துக்கு மேல் அதிக ஓட்டு. ஸ்டார்மர் அணியின் நிஜமான சாமர்த்தியம் கொள்கையில் இல்லை. பாதுகாப்பான நகரத் தொகுதிகளில் ஓட்டை இழந்தாலும் பரவாயில்லை, ஊசலாடும் சிறுநகரங்களில் கூடினால் போதும் என்று கணக்குப் போட்டதில் இருந்தது. பலித்தது. ஆனால் நகரத்து இடதுசாரிகளுக்கு வேறு போக்கிடம் இல்லை என்ற அனுமானத்தின் மேல் நின்ற கணக்கு அது.

வேறு எங்கே போவார்கள்?

வெற்றி பெற்ற அன்றே இதற்குப் பதில் வரத் தொடங்கியது. இஸ்லிங்டன் நார்த்தில் கோர்பின் சுயேச்சையாக நின்று லேபரைத் தோற்கடித்தார். காஸா விவகாரத்தில் கட்சியின் நிலைப்பாட்டை எதிர்த்து நின்ற மேலும் நான்கு சுயேச்சைகள் ஜெயித்தார்கள். ஸ்ட்ரீட்டிங் இல்ஃபோர்ட் நார்த்தில் 528 ஓட்டில் தப்பினார். அடுத்த தலைவராகப் பேசப்பட்டவருக்குச் சொந்தத் தொகுதியே நிச்சயமில்லை. பிரிஸ்டல் சென்ட்ரலில் கிரீன் கட்சியிடம் தோற்றவர் தங்கம் டெபனேர். தந்தை வழியில் இந்திய, இலங்கைத் தமிழ்த் தொடர்பு உள்ளவர். வெற்றி பெற்றிருந்தால் அமைச்சராகியிருப்பார். அதே தேர்தலில் ஸ்ட்ராட்ஃபோர்ட் அண்ட் போவில் லேபர் சார்பில் உமா குமரன் ஜெயித்து, நாடாளுமன்றத்தின் முதல் தமிழ்ப் பெண் எம்.பி. என்று பேசப்பட்டார்.

போக்கிடம் உண்டு என்று தெரிந்துவிட்டது. போன இடம் எப்படி இருக்கிறது என்பது வேறு கதை. யுவர் பார்ட்டியில் செப்டம்பரில் சுல்தானா உறுப்பினர் சேர்க்கையைத் தொடங்க, கோர்பின் தரப்பு அதற்கு அனுமதி இல்லை, கட்டிய பணத்தை நிறுத்துங்கள் என்று அறிக்கை விட்டது. நவம்பர் இறுதியில் லிவர்பூல் மாநாட்டின் முதல் நாளை சுல்தானாவே புறக்கணித்தார். தனித் தலைவர் வேண்டாம், கூட்டுத் தலைமை போதும் என்பதற்கு 51.6 சதவீதம். ஹீலி–பென் வித்தியாசத்தை நினைவூட்டும் அளவுக்கு ஒட்டி வந்த முடிவு. எட்டு லட்சம் பேர் ஆர்வம் தெரிவித்ததாகச் சொன்ன கட்சி, யார் சாவியை வைத்துக்கொள்வது என்பதிலேயே நாளைக் கழித்தபோது, அந்தக் கூட்டத்தில் நல்ல பங்கை போலன்ஸ்கி சத்தமில்லாமல் கிரீன் பக்கம் கூட்டிக்கொண்டார் என்றே நினைக்கிறேன்.

இதற்கு லேபரின் பதில் ஒன்றுதான்: எங்களுக்குப் போடாவிட்டால் ஃபராஜ் வந்துவிடுவார். வெறும் மிரட்டல் என்று தள்ள முடியாது. 2025இல் கருத்துக்கணிப்புகளில் ரிஃபார்ம் பல மாதம் முதலிடத்தில் இருந்தது. 2025 மே மாதம் ரன்கார்ன் அண்ட் ஹெல்ஸ்பி இடைத்தேர்தலில் ரிஃபார்ம் வேட்பாளருக்கு 12,645, லேபருக்கு 12,639. ஆறே ஓட்டு. அங்கே கிரீனுக்கு விழுந்தது 2,300-க்கு மேல். இதைக் காட்டித்தான் லேபர்காரர்கள் கிரீன்காரர்களைத் திட்டுகிறார்கள்.

ஆனால் அதே ஆண்டு அக்டோபரில் வேல்ஸின் கெர்ஃபிலியில் நடந்தது இந்த வாதத்தையே திருப்பிப் போட்டது. வேல்ஸ் சட்டமன்றத்துக்கான இடைத்தேர்தல். நிலக்கரிச் சுரங்க ஊர், நூறு வருடமாக லேபரின் கோட்டை. ரிஃபார்மைத் தடுக்க வேண்டும் என்று நினைத்தவர்கள், தடுக்கக்கூடியவர் யார் என்று பார்த்து பிளைட் கம்ரிக்குப் போட்டார்கள். பிளைட் 47 சதவீதம், ரிஃபார்ம் 36, லேபர் 11. "ஃபராஜைத் தடுக்க எங்களுக்குப் போடுங்கள்" என்ற வாதம் லேபர் முதல் இரண்டு இடத்துக்குள் இருக்கும் வரைதான் செல்லும். மூன்றாம் இடத்துக்கு இறங்கிவிட்டால் அதே வாதம் லேபர் ஓட்டை உறிஞ்சி வேறு கட்சிக்குக் கொடுக்கும்.

தலைவரை மாற்றினால் என்ன மாறும்?

பொதுத்தேர்தலுக்கு 2029 ஆகஸ்ட் நடுவரை நேரம் இருக்கிறது. அதனால்தான் எம்.பி.க்கள் மாற்றத்தைப் பற்றிப் பேசவும் துணிகிறார்கள், அவசரப்படவும் தயங்குகிறார்கள். மூன்று விஷயம் கவனிக்கலாம்.

1. வலது அணியிலிருந்து ஒருவர் வந்தால் பேச்சுத்திறன் மாறும், கொள்கை மாறாது. கிரீனுக்குப் போனவர் திரும்ப அது போதாது.

2. மித இடதிலிருந்து வந்தால் உறுப்பினர்களிடம் எளிதாக ஜெயிப்பார். ஆனால் வரியைக் கூட்டாமல், கடன் விதியை மீறாமல் செலவு செய்வது எப்படி என்ற கெய்ட்ஸ்கெலின் பழைய கணக்கு முதல் பட்ஜெட்டிலேயே அவர் மேஜைக்கு வரும்.

3. கடும் இடதில் ஒருவர் வர 81 கையெழுத்து கிடைக்காது. அந்த அணியின் எம்.பி.க்கள் குழுவில் அவ்வளவு ஆளே இல்லை. அவர்களின் பலம் இனி கட்சிக்குள் இருந்து வராது, வெளியே இருக்கும் கட்சிகள் எத்தனை தொகுதியில் லேபரை மிரட்டுகின்றன என்பதிலிருந்துதான் வரும்.

கவனிக்க வேண்டிய நாள்: 2026 மே 7. அன்று ஸ்காட்லாந்து, வேல்ஸ் சட்டமன்றங்களுக்கும் லண்டன் உள்ளாட்சிகளுக்கும் தேர்தல், மூன்றிலும் வெவ்வேறு முறை. வேல்ஸில் புதிதாக முழு விகிதாசாரம், 96 இடம். அங்கே இடதுசாரி ஓட்டு பிளைட், லேபர், கிரீன் என்று சிதறினாலும் பெரிதாக வீணாகாது. ஸ்காட்லாந்தில் தொகுதி முறையும் விகிதாசாரமும் கலந்தது. லண்டனில் பழைய முறையேதான். இந்திய, இலங்கை கடவுச்சீட்டோடு லண்டனில் சட்டப்படி வசிப்பவர்களும் பதிவு செய்துகொண்டு ஓட்டுப் போடலாம். வாக்குச்சாவடியில் அடையாளத்துக்கு அந்தக் கடவுச்சீட்டே போதும். ஒரு வார்டுக்கு பெரும்பாலும் மூன்று கவுன்சிலர், ஆகவே ஒருவருக்கு மூன்று ஓட்டு. மூன்றையும் ஒரே கட்சிக்குப் போட வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.